இரண்டு கால் பை

பல் டாக்டருக்கு வாரத்தில் ஆறு நாளும் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டே இருப்பார்கள், அதிலிருந்து ஒரு பதிலும் வராது. "பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்டால் "ஆங்ங்" என்று ஏதோ ஒன்று வரும். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர் மேலே பேசிக்கொண்டு போவார். அவருடைய மனைவிக்கோ நேர்மாறான தண்டனை. அவள் நூலகர். பகலெல்லாம் மற்றவர்களைப் பேசாதே என்று அடக்குவது அவள் வேலை. அதையும் சத்தம் போடாமல் சொல்லியாக வேண்டும்.

இப்படி, பதில் கிடைக்காத ஒருவரும் பேச வழியில்லாத ஒருவரும் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தால் காதல் வசனமா பேசிக்கொள்வார்கள்? அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார். அவள் தரையில் காலை நீட்டிக்கொள்வாள். தொலைக்காட்சி அவர்கள் இருவருக்காகவும் பேசும்.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் ஓரத்தில் ஒரு பொதுக் கோல்ஃப் மைதானம். ஒன்பது குழிகள், இரண்டு மேடுகள், ஒரு குட்டை, வேலியை ஒட்டி ஒரு வாய்க்கால். டாக்டர் ஆடுவார். மனைவி ஆட மாட்டாள், கூடவே நடப்பாள். அவர் பந்தை அடிப்பார், பந்து தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகும், இருவரும் அதைத் தேடிப் போவார்கள். தேடும் வழியெல்லாம் பேச்சு. ஆட்டம் எவ்வளவு மோசமோ அவ்வளவு நேரம் பேச்சு நீளும். அந்த வகையில் டாக்டர் மனைவிக்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது சம்பந்தியால். அதுவும் அன்பினால்.

சம்பந்தி, அதாவது டாக்டர் மகளின் மாமனார், லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'இந்த ஊரையே மேலே தூக்கிவிட்டவன் நான்' என்று சொல்லிக்கொள்வார். பொய்யில்லை, பாதிக் கட்டடங்களில் அவர் கம்பெனி லிஃப்ட்தான். ஓய்வுக்குப் பின் அவரும் கோல்ஃபில் இறங்கினார். அதே பொது மைதானம்தான். ஆனால் அவர் இறங்கும் தோரணையைப் பார்த்தால் உலகக் கோப்பையின் கடைசி நாள் என்று தோன்றும். வெள்ளைக் கையுறை, தூரம் அளக்கும் கருவி, பேட்டரி வண்டி, அந்த வண்டியின் பின்னால் ஒரு பீரோ அளவுக்குப் பை.

டாக்டரின் பழைய பையை முதல் தடவை பார்த்தபோது அவர் முகம் போன போக்கு, சாவு வீட்டுக்கு வந்தவர் முகம்தான். "என் சம்பந்தி இதைத் தூக்கிட்டு நடக்கறதா? நாலு பேர் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. அந்தப் பையைத் தன் கையாலேயே குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த வாரமே தன்னுடையதைப் போலவே ஒரு பீரோவை வாங்கி அனுப்பினார். அதன் மேல் 'டாக்டர்' என்று தங்க நூலில் பின்னியிருந்தது. கூடத்து மூலையில் அதை நிறுத்திவைத்தபோது, தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவர் அதைத் தட்டிப் பார்த்து, "இந்த ஹீட்டர் எத்தனை லிட்டர் சார்?" என்று கேட்டார்.

டாக்டர் அதையும் தூக்கிக்கொண்டு நடந்துதான் பார்த்தார். நான்காவது குழியோடு தோள்பட்டை கையைக் கழற்றிக் கீழே வைத்துவிடலாமா என்று கேட்டது. மறுநாள் காலை ஒரு பல்லைப் பிடுங்க இடுக்கியைக் கையில் எடுத்தார். இடுக்கி லேசாக ஆடியது. நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் ஏனோ அப்போது பார்த்துக் கண்ணைத் திறந்தார். ஆடும் இடுக்கியையும் டாக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அந்தப் பல் தப்பித்தது.

"பேசாம என் வண்டில வந்துடுங்க சம்பந்தி," என்றார் சம்பந்தி, விஷயம் தெரிந்ததும். "ஜம்முனு உக்காந்துட்டுப் போவோம். நடக்கறதெல்லாம் யாருக்கு? வண்டி கிடைக்காதவனுக்கு."

வண்டியில் இருக்கை இரண்டு. ஒன்றில் சம்பந்தி. மற்றதில் டாக்டர். அந்தக் கணக்கில் மனைவிக்கு வீடு.

இரண்டு வாரம் அப்படியும் போனது. சம்பந்தி வண்டியும் ஓட்டினார், வாயும் ஓட்டினார். காற்றின் திசை, முழங்கை மடங்க வேண்டிய கோணம், தான் இல்லாமல் கம்பெனி படும் பாடு. டாக்டர் நடுநடுவே "ஆங்" என்றார். தன் நாற்காலியில் படுப்பவர்களின் நிலை அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வீடு திரும்பியதும் மனைவி, "என்ன பேசினீங்க?" என்றாள். "நான் எங்க பேசினேன்" என்றார். "எனக்கும் இந்த வாரம் சொல்ல நிறைய இருந்துச்சு," என்றாள் அவள். அதைச் சொன்னாளா என்றால், இல்லை. எழுந்து போய் துணி மடிக்க ஆரம்பித்தாள். டாக்டருக்கு அந்த மடிப்புச் சத்தம் இடுக்கி ஆடியதைவிடப் பயமாக இருந்தது.

"லேசா ஒரு பை வாங்கிடறேன்," என்றார் அன்று இரவே. "தோள்ல மாட்டிட்டு நடக்கற மாதிரி. பழையபடி நாம ரெண்டு பேரும் போலாம்."

"பையை வெச்சுத் தள்ள ஒரு தள்ளுவண்டி வாங்கலாமே?"

"காய்கறிக் கடையில நான் வண்டி தள்ற லட்சணத்தை நீ பார்த்ததில்லையா?"

பார்த்திருந்தாள். தள்ளுவண்டிப் பேச்சு அதோடு முடிந்தது.

சிக்கல் பை வாங்குவதில் இல்லை. தங்க நூல் பீரோவைக் கைவிடுவதில் இருந்தது. மகளிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்கள். "அப்பா, மாமாவுக்கு மனசு கஷ்டப்படும். பக்குவமா நானே சொல்லிக்கறேன்," என்றாள் மகள். அவள் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாள் என்பது மறுநாளே தெரிந்தது. சம்பந்தி போனில் வந்தார். "பை வாங்கப் போறீங்களாமே. நான் இல்லாமயா? உங்களுக்கு என்ன தெரியும், கண்டதைத் தலையில கட்டிடுவான். கடை வாசல்ல நிக்கறேன்."

நின்றார். வெள்ளைக் கையுறையோடு.

கடையின் விற்பனையாளர் ஒல்லியானவர், எந்தப் பையைத் தொட்டாலும் "இறகு சார்" என்று சொல்லும் பழக்கமுள்ளவர். முதல் பையைத் தூக்கி, "இறகு சார்." அடுத்ததைத் தூக்கி, "இது அதைவிட இறகு சார்." மூன்றாவதைச் சுண்டு விரலில் மாட்டிக் காட்டினார். நீளமான குழாய் போல, ஒரே ஒரு பட்டியோடு இருந்தது அது. "கடையிலேயே லேசு இதுதான். ஆறேழு மட்டை வைக்கலாம். அடிக்கறப்ப புல்லு மேல படுக்க வெச்சிட வேண்டியதுதான்."

"படுக்க வெச்சா, அப்புறம்?" என்று கேட்டார் டாக்டர்.

"குனிஞ்சு எடுத்துக்கணும் சார்."

டாக்டர் அதைத் தரையில் கிடத்தினார். குனிந்து எடுத்தார். மறுபடி கிடத்தினார், மறுபடி குனிந்தார். மூன்றாம் தடவை பாதியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு பையை மனைவி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாகச் சாய்த்ததும் அதன் முன்பக்கத்தில் இரண்டு மெல்லிய கால்கள் படக்கென்று விரிந்தன. கொக்கு மாதிரி தானே நின்றது. தோளில் மாட்ட, பள்ளிக்கூடப் பை போல இரண்டு பட்டிகள். "இதைப் பாருங்களேன்," என்றாள்.

"அது கனம் கூட, தங்கச்சி," என்றார் சம்பந்தி உடனே. "லேசுன்னு முடிவு பண்ணிட்டா அதுலயும் ஒரு கொள்கை வேணும். எது ரொம்ப லேசோ அதைத்தான் எடுக்கணும்."

"ஒரு ஆப்பிள் கனம் கூட இருக்குமா?" என்று டாக்டர் விற்பனையாளரைக் கேட்டார்.

"ரெண்டு ஆப்பிள் சார். ஆனா இதுவும் இற..."

"சம்பந்தி, நான் வாரம் பூரா ஊர்க்காரங்க வாய்க்கு முன்னாடி குனிஞ்சுட்டு நிக்கறேன். ஞாயித்துக்கிழமையும் ஒரு பைக்கு முன்னாடி குனிய என்னால ஆகாது. கால் இருக்கறதே வரட்டும். ரெண்டு தோள்லயும் பாரம் பிரியும், வலது கைக்கும் நல்லது."

டாக்டர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி சம்பந்தி கேட்டதில்லை. ஒரு கணம் திகைத்தார். ஆனால் பொது மேலாளராக இருந்தவர்கள் ஒரு கணத்துக்கு மேல் திகைப்பதில்லை.

"சரி. ஆனா காலியா தூக்கிப் பார்த்து வாங்காதீங்க. காலி லிஃப்டை மேல ஏத்திப் பார்த்துட்டு நல்லா ஓடுதுன்னு நாங்க கையெழுத்துப் போட்டதே கிடையாது. மணல் மூட்டையை அடுக்கி, முழு பாரத்தோட ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் ஆளுங்களை ஏத்துவோம். பாரம் வெச்சுப் பார்க்கணும்." கார் சாவியை எடுத்து விற்பனையாளரிடம் நீட்டினார். "டிக்கில என் பை இருக்கு. எடுத்துட்டு வாங்க. ஆள் துணைக்கு வெச்சுக்கங்க."

இரண்டு பேர், பிரேதத்தைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார்கள். கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் மரியாதையாக வழி விட்டார்கள். சம்பந்தி வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு, ஒரு அறுவைச் சிகிச்சையைத் தொடங்குபவர் போல ஜிப்புகளைத் திறந்தார்.

வெளியே வந்தவை: குடை, மழைக் கோட்டு, மழைக் கோட்டுக்கு ஒரு மழை உறை, மூன்று துண்டுகள், ஒரு கிராமத்துக்கே போதுமான பந்துகள், அப்புறம் க்ரீம் பிஸ்கட் பாக்கெட் இரண்டு. பிஸ்கட்டைப் பார்த்ததும் கை சட்டென்று அதைத் துண்டுக்கு அடியில் தள்ளியது. "வீட்டுல சர்க்கரை கிர்க்கரைன்னு பேசுவா. அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்றார் தாழ்ந்த குரலில்.

"நாங்க எதையும் பார்க்கலண்ணா," என்றாள் டாக்டரின் மனைவி.

பிறகு மட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் கம்பளி உறை. ஒன்று புலி, ஒன்று கரடி, ஒன்று என்ன மிருகம் என்று செய்தவருக்கே தெரியாது. பாரத்தைச் சரியாக வைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் சம்பந்தி மறந்துபோனது ஒன்று உண்டு. புதுப் பையின் வாய் சிறியது. உறையோடு மட்டைகள் உள்ளே போகவில்லை. விற்பனையாளர் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு புலியின் தலையைக் கழற்றினார்.

புலிக்குள்ளே பளபளவென்று மட்டையின் தலை. அதன்மேல் கடையில் வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள், ஒரு மடிப்பும் கலையாமல். கரடியைக் கழற்றினார். அதிலும் பிளாஸ்டிக். பெயர் தெரியாத மிருகத்திலும் பிளாஸ்டிக். புல் கறையும் மண் கீறலும் கண்ட மட்டைகள் மொத்தத்தில் நான்கே நான்கு. மீதிப் பட்டாளம் முழுவதும் சீருடையோடு ஊர்வலம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

மற்ற வாடிக்கையாளர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம கடை ஸ்டிக்கர்தான் சார்," என்றார் விற்பனையாளர், ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு. "பிரிக்காததால இப்பவும் மாத்திக்கலாம்."

சம்பந்தியின் காது மடல் சிவந்தது. டாக்டர் பையின் கால்களை மடக்குவதிலும் விரிப்பதிலும் மும்முரமானார். சிரிப்பு வந்தால் உள்ளங்கையில் நகத்தை அழுத்துவது அவர் தொழிலில் பழகிய வித்தை, அழுத்தினார்.

மனைவிதான் பேசினாள். "எங்க லைப்ரரியில கண்ணாடி பீரோ ஒண்ணு இருக்குண்ணா. தோல் அட்டை போட்ட பெரிய பெரிய புஸ்தகம். தலைவருங்க வந்தா அதுக்கு முன்னாடிதான் நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. ஒருத்தரும் எடுத்துப் படிச்சதில்ல. படிக்கறவங்க எல்லாம் பக்கத்துல கிழிஞ்ச அட்டை வெச்சிருக்கற ரேக்குலதான் நிப்பாங்க. உங்க நாலு மட்டையும் அந்த ரேக்கு மாதிரி. பாருங்க, எப்படித் தேஞ்சிருக்கு."

சம்பந்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்டலா, ஆறுதலா என்று எடை போடும் பார்வை. இரண்டும் இருந்தது அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். மெதுவாக அந்த நான்கு மட்டைகளை எடுத்துக் கால் முளைத்த பையில் வைத்தார். இரண்டு பட்டிகளிலும் கை நுழைத்து முதுகில் மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். ஷூ அலமாரி வரை நடந்தார், திரும்பிக் கல்லா வரை நடந்தார். மறுபடி ஷூ அலமாரி. முதல் நாள் ஸ்கூலுக்குப் போகும் பையன் மாதிரி ஒரு துள்ளல் அந்த நடையில் இருந்ததை டாக்டர் கவனித்தார்.

"ஒண்ணுமே தெரியலையே," என்றார் சம்பந்தி. "முதுகுல ஏதாவது இருக்கா என்ன?"

"இறகு சார்," என்றார் விற்பனையாளர். முதல் தடவையாக அந்தச் சொல் பொருந்தியது.

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு. நீலத்துல இருக்கா? சம்பந்தி, இனிமே வண்டி கிண்டி எல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேரோடயும் சேர்ந்து நானும் நடந்துட வேண்டியதுதான்."

டாக்டரின் முகத்தில் புன்னகை இருந்தது. பல் டாக்டர்களுக்கு அது வாய்த்துவிடும். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம். இதுவரை வண்டியில் உட்கார்ந்து வந்த பேச்சு, இப்போது நடந்தே வரப் போகிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். மனைவி மடியில் புதுப் பையை வைத்துக்கொண்டு, அதன் கால்களை விரித்து மடக்கிப் பார்த்தபடி வந்தாள்.

"பேச்சை அவரு எடுத்துக்குவாரு," என்றார் டாக்டர் கடைசியில். "நீ மறுபடி துணி மடிக்கப் போயிடுவே."

"பார்ப்போம்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். வெள்ளைக் கையுறை வந்திருந்தது. தூரக் கருவியும் கழுத்தில் தொங்கியது. முதல் குழியிலிருந்தே சம்பந்தி ஆரம்பித்துவிட்டார். "நடக்கறதுன்னா சும்மா கால் போன போக்குல நடக்கறதில்ல சம்பந்தி. குதிகாலை முதல்ல ஊனணும். மூச்சை வயித்துலேர்ந்து எடுக்கணும். எங்க கம்பெனியில ஒருத்தன்..." டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் புல்லைப் பார்த்தாள்.

இரண்டாவது குழி மேட்டின் மேல் இருக்கிறது. பெரிய மலை ஒன்றுமில்லை, மாடு மேய்கிற அளவு மேடுதான். ஆனால் சம்பந்தி ஆயுளில் பாதியை லிஃப்டில் கழித்தவர். "எங்க கம்பெனியில ஒருத்தன்," என்று அடிவாரத்தில் மறுபடி ஆரம்பித்தார். கால்வாசி ஏறியதும், "அந்த... ஒருத்தன்," என்றார். பாதியில், "அவன்..." என்றார். அதற்குமேல் அந்த ஒருவன் என்ன ஆனான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நடப்பதற்கும் உபதேசத்துக்கும் ஒரே மூச்சைத்தான் பங்கு போட வேண்டும் என்பதை வண்டியில் உட்கார்ந்தபடி அவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

டாக்டர் பதறி நின்றார். "உக்காரணுமா சம்பந்தி? நெஞ்சு கிஞ்சு..."

கையை ஆட்டி இல்லை என்றார் சம்பந்தி. முகம் தெளிவாகவே இருந்தது. மெதுவாகப் போகலாம் என்று சைகை காட்டினார். நடையைக் குறைத்தார்கள். மேட்டின் மேல் காற்று நன்றாக அடித்தது. அப்போதுதான் மனைவி, ஏதோ நேற்று நிறுத்திய பேச்சைத் தொடர்வது போல, ஆரம்பித்தாள்.

"போன வாரம் ஒருத்தரு புஸ்தகம் திருப்பிக் குடுத்தாரு. அடையாளத்துக்கு உள்ள என்ன வெச்சிருந்தாரு தெரியுமா? ஒத்தைச் சாக்ஸு."

"சாக்ஸா? துவைச்சதா?"

"அதை நான் மோந்து பார்க்கல. கூப்பிட்டு நீட்டினேன். அவரு சாக்ஸை வாங்கிப் பார்த்துட்டு, 'இது எந்தப் பக்கத்துல இருந்துச்சு? நான் இன்னும் முடிக்கல'ன்றாரு."

டாக்டர் சிரித்தார். பின்னாலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. மூச்சு பாதி, சிரிப்பு பாதி. சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் தன் பங்குக்கு, பிடுங்கிய பல்லைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்த ஓய்வுபெற்ற வக்கீலைப் பற்றிச் சொன்னார். மனைவி குறுக்குக் கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் அதை மறுத்தாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது குழிகள் வந்ததும் போனதும் தெரியவில்லை. டாக்டரின் பந்து இரண்டு தடவை குட்டைக்குள் போனது; யாரும் வருத்தப்படவில்லை. பை முதுகில் இருக்கிறதா என்று அவர் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலது கை லேசாக, தன் கையாகவே இருந்தது.

ஆறாவது குழி அருகே ஒரு பெஞ்ச். சம்பந்தி பையைச் சாய்த்தார், கால்கள் விரிந்தன, பை நின்றது. அதைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை வெளுத்து, குழந்தைக் கை போல இருந்தது.

"இங்க தண்ணி ஓடுதா என்ன?" என்றார், மூச்சு திரும்பியதும். "இத்தனை நாள் வண்டிச் சத்தத்துல கேக்கவே இல்லை."

"வாய்க்கால்ண்ணா. வேலிக்கு அந்தப் பக்கம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிஸ்கட்டைப் பிரித்து இருவருக்கும் நீட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். "நீங்க ரெண்டு பேரும் வாரா வாரம் இப்படித்தான் பேசுவீங்களா? வீட்டுல அவளும் நானும் என்ன பேசறோம்னு இப்ப யோசிச்சுப் பார்த்தேன். 'சாவி எங்க'ன்னு நான் கேப்பேன். 'அங்கயே பாருங்க'ன்னு அவ சொல்லுவா. அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கோம், சண்டை சச்சரவு இல்லை. ஆனா அவ்வளவுதான்." பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டார். "அடுத்த வாரம் அவளையும் கூட்டிட்டு வரட்டா? வருவாளா தெரியல."

"கேட்டுப் பாருங்கண்ணா. கேட்டாத்தானே தெரியும்," என்றாள் மனைவி. "அண்ணி வந்தா நல்லா இருக்கும்."

டாக்டர் பிஸ்கட்டை மென்றபடியே கணக்குப் போட்டார். நான்கு பேர். இரண்டு பெண்கள் முன்னால் போவார்கள். பின்னால் இவரும் சம்பந்தியும். இரண்டு மாதத்தில் சம்பந்திக்கு மேடு பழகிவிடும், மூச்சும் திரும்பிவிடும். அந்தக் கம்பெனி ஆள் கதை முழுதாக வெளியே வரும்.

சம்பந்தி எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, தன் பந்தைத் தேடிப் புல்லுக்குள் இறங்கினார். அவர் கொஞ்சம் தள்ளிப் போகும்வரை மனைவி காத்திருந்தாள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். அவங்களும் வரட்டும், பாவம். ஆனா..."

"அவங்களை ஏழு மணிக்கு வரச் சொல்றேன்."

"நாம?"

"நாம ஆறுக்கே வந்துடலாம். அவங்க வந்து சேர்றதுக்குள்ள முக்கால்வாசி பேசி முடிச்சிடலாம். மீதி வழி அவங்க ரெண்டு பேரையும் முன்னாடி விட்டுடுவோம். நாம பக்கத்துல இருந்தா அவங்க எப்படிப் பேச ஆரம்பிப்பாங்க?"

டாக்டர் அவளைப் பார்த்தார். இதில் எவ்வளவு பரோபகாரம், எவ்வளவு சுயநலம் என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. "ஆறு மணிக்கு இருட்டா இருக்காதா? பந்து தெரியாதே."

"என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றாள்.

கீழே சம்பந்தி புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரக் கருவியை ஒரு தடவை கண்ணில் வைத்தார். அதில் பந்து அகப்படவில்லை போலும், மறுபடி கழுத்தில் தொங்கவிட்டார். "சம்பந்தி, அந்த மரத்துக்கு இந்தப் பக்கம்தானே விழுந்துச்சு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"அந்தப் பக்கம், சம்பந்தி. இருங்க, வரேன்," என்று டாக்டர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அந்த வக்கீல் கதையை நீங்கள் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மனைவியும் கூட இறங்கினாள்.